சீனிக்குப் பதில் வேறு இனிப்பு போட்டால் பல் தப்புமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பல் பரிசோதனைக்குப் போகிறவள் நான். தோட்டத்தில் என்னைப் 'பல் மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் "வலிக்குமா மிஸ்ஸி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இப்போது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இல்லாத வீடு குறைந்துவிட்டது. அடுப்படியில் சீனி டப்பாவுக்குப் பக்கத்திலேயே இனிப்பு மாத்திரை டப்பாவும் ஸ்டீவியா பொட்டலமும் இருக்கின்றன. அதனால் கேள்விகளும் மாறிவிட்டன. கோயில் மண்டபத்திலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சீனியை நிறுத்திவிட்டு இனிப்பு மாத்திரைக்கு மாறிவிட்டேன். இனிமேல் சொத்தை வராது இல்லையா?

சீனியால் வருகிற சொத்தை குறையும். ஆனால் சொத்தைக்குச் சீனி மட்டுமே காரணமில்லை.

நம் எல்லார் வாயிலும் கிருமிகள் உண்டு. அவற்றில் பல்லுக்கு மிகவும் கெட்ட பெயர் வாங்கியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். நாம் சாப்பிடும் சீனியை அதுவும் சாப்பிட்டு லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. பல் மேல் படிந்திருக்கும் அழுக்கின் அமிலக் கணக்கு, அதாவது பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்), 5.5 அளவுக்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். வெள்ளைச் சீனியிடம் இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அதை வைத்து அந்தக் கிருமி பசை போன்ற ஒன்றைச் செய்து, பல்லோடு ஒட்டிக்கொண்டு குடியிருக்கும்.

அஸ்பார்ட்டேம், சுக்ராலோஸ், சாக்கரின், ஸ்டீவியா இவற்றில் எதையும் அந்தக் கிருமியால் அமிலமாக மாற்ற முடியாது. அந்த வகையில் பல்லுக்கு நிம்மதிதான். ஆனால் அந்த மாத்திரை போட்ட தேநீரோடு பிஸ்கட்டும் ரொட்டியும் தின்றால், அவற்றில் இருக்கும் மாவும் சீனியும் போதும், கிருமி தன் வேலையை நடத்திக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு மொத்தமே ரெண்டு கரண்டி சீனிதான் மிஸ்ஸி. அதற்கா இத்தனை சொத்தை?

அந்த ரெண்டு கரண்டி வாய்க்குள் எத்தனை தடவையாகப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பதில்களிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செம்பனை வேலைக்குப் போகிறவர் விடியற்காலையில் டின் பால் போட்ட தேநீரை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போகிறார். மூடியில் கொஞ்சம் ஊற்றி ஒரு வாய், இரண்டு மரம் தள்ளி இன்னொரு வாய் என்று மதியம் வரை அதே தேநீர்தான். கடையில் விற்கும் இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் ஏறும். எச்சில் அதைத் தணித்து, கரைந்த சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அடுத்த வாய் போய்விடுகிறது. இதே தேநீரைப் பசியாறும்போது ஒரேயடியாகக் குடித்திருந்தால் ஒரு தாக்குதலோடு முடிந்திருக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பட்டையை மெல்லிசாகச் சீவி, மரத்துக்கு ஓய்வும் விட்டால் பட்டை திரும்ப வளரும். ஓய்வில்லாமல் வெட்டினால் மரம் பட்டுப்போகும்.

1940-களின் பிற்பாதியில் ஸ்வீடனில், விப்பெஹோல்ம் என்ற மனநல இல்லத்தில் நடந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. சாப்பாட்டோடு சீனி சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு ஏகமாகக் கூடியது. அங்கிருந்தவர்களைச் சம்மதம் கேட்காமல் இப்படிப் பயன்படுத்தியது பெரிய அநியாயம். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே மாற்று இனிப்பு பல்லுக்கு உண்மையாகவே கைகொடுப்பது இந்த இடைவேளைகளில்தான். பிளாஸ்க் தேநீரை முதலில் மாற்றுங்கள். பாலும் சீனியும் போடாத 'தே ஓ கோசோங்' குடிக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாதவர்கள் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். டின் பால் போட்ட தேநீர் வேண்டுமென்றால் பசியாறும்போது ஒன்று குடித்துக்கொள்ளுங்கள். அதை நான் பறிக்க மாட்டேன்.

கடையில் விதவிதமாக இருக்கிறதே, எதை வாங்குவது?

பல்லை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் குடும்பம் துளியளவிலேயே இனிப்பது. அஸ்பார்ட்டேம் சீனியைப் போல் சுமார் 200 மடங்கு, சுக்ராலோஸ் சுமார் 600 மடங்கு இனிப்பு. ஸ்டீவியா தென்னமெரிக்காவில், பராகுவே பக்கத்துச் செடி. அங்கே குவாரனி மக்கள் பழங்காலத்திலிருந்தே அதன் இலையைப் பானங்களில் போட்டுக் குடித்து வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பிறந்தவற்றில் மூத்தது சாக்கரின். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் கண்டறிந்தது. இவை எல்லாமே பல்லைக் கெடுக்காது, அதேபோல் பல்லுக்குத் தனியாக எந்த நன்மையும் செய்யாது.

இரண்டாவது குடும்பம் சீனி ஆல்கஹால்கள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை கிடையாது. சோர்பிட்டோல், மால்ட்டிட்டோல், சைலிட்டோல், எரித்ரிட்டோல் எல்லாம் இதில் சேரும். சோர்பிட்டோலைக் கிருமிகள் மெதுவாகக் கொஞ்சம் செரிக்கும், ஆனால் பல்லைக் கரைக்கும் அளவுக்கு அமிலம் சேராது. சைலிட்டோலை மியூட்டன்ஸ் கிருமி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல், வெளியே தள்ளுவதற்குத் தன் சக்தியைச் செலவழிக்கும். எரித்ரிட்டோலையும் வாய்க் கிருமிகளால் அமிலமாக்க முடியாது. எஸ்தோனியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் மூன்று வகை மிட்டாய் கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. அதில் சைலிட்டோல், சோர்பிட்டோல் தின்ற பிள்ளைகளைவிட எரித்ரிட்டோல் தின்ற பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாக இருந்தது. 2014-இல் அந்த முடிவு வெளியானது.

வீட்டில் தேநீருக்கு எது உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். மெல்லும் கம், மிட்டாய் என்று வரும்போது சைலிட்டோல் அல்லது எரித்ரிட்டோல் உள்ளதைத் தேடலாம்.

சைலிட்டோல் கம் மென்றால் பல் துலக்க வேண்டாம் என்கிறார்களே?

யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துலக்கத்தான் வேண்டும்.

சைலிட்டோலின் புகழ் ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்திலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாக்கி, இரண்டு வருடம் ஒரு பிரிவுக்குச் சாதாரணச் சீனி, இன்னொன்றுக்குப் பழச்சீனி, மற்றொன்றுக்கு முழுக்க முழுக்க சைலிட்டோல் கொடுத்தார்கள். சைலிட்டோல் பிரிவில் சொத்தை 85 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக அறிவித்தார்கள். பிரமாதமான எண்தான், ஆனால் சாப்பாட்டில் இருந்த சீனியையே எடுத்துவிட்டு சைலிட்டோல் போட்ட கணக்கு அது. சீனியை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கம் மெல்வது வேறு கதை. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரன் குழு 2015-இல் சொன்னது இன்னும் அடக்கமானது. பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடோடு சைலிட்டோலும் சேர்ந்த பற்பசை, வெறும் ஃபுளோரைடு பற்பசையைவிடச் சொத்தையை 13 விழுக்காடு குறைக்கலாம். கம், மிட்டாய் போன்றவற்றுக்குத் தீர்மானமாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றார்கள்.

அப்படியானால் கம் வீணா என்றால், இல்லை. சீனியில்லாத எந்தக் கம்மாக இருந்தாலும் சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் மென்றால் எச்சில் நன்றாக ஊறும். எச்சில்தான் அமிலத்தைத் தணிக்கிறது, கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வேலைக்காட்டில் பசியாறிவிட்டுப் பல் துலக்க வழியில்லாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். முன்பக்கத்தில் சைலிட்டோல் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பட்டியலில் அது கடைசியில் கிடந்தால் பேருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்குக் கம் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

இனிப்புப் பொட்டலத்திலேயே சீனி இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். உண்மையா?

பேரன் சொல்வது சரிதான். 200 மடங்கு, 600 மடங்கு இனிக்கும் தூளைக் கரண்டியில் அள்ள முடியாது. அதனால் பருமனுக்காக வேறு ஒரு தூளைக் கலப்பார்கள். அது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை), மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்) அல்லது லாக்டோஸ் (பால் சர்க்கரை). மூன்றையும் வாய்க் கிருமிகள் செரிக்கும். ஒரு பொட்டலத்தில் இருப்பது ஒரு கிராம் அளவுதான், ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை தேநீர் குடிப்பவர், கோப்பைக்கு இரண்டு பொட்டலம் போட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாத்திரையாக வருவதிலும் சொட்டு மருந்துபோல வருவதிலும் இந்தக் கலப்பு மிகக் குறைவு.

தேன், நாட்டுச்சர்க்கரை, கூலா மெலாக்கா எல்லாம் இயற்கைதானே? பல்லுக்கு நல்லதுதானே?

இல்லை. தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரை. வெல்லம், பனங்கற்கண்டு, கூலா மெலாக்கா எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தாதுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், கிருமி அதைப் பார்ப்பதில்லை. தேன் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது இன்னும் தொல்லை.

பாட்டிமார்கள் என்னோடு அதிகம் வாதாடுவது இந்த விஷயத்தில்தான். "நாங்க கருப்பட்டி தின்னு வளர்ந்தவங்க, எங்க பல்லைப் பாரு" என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் கருப்பட்டி எப்போதாவது கிடைத்தது. இன்று பிள்ளையின் பள்ளிப் பைக்குள்ளேயே காலையிலிருந்து மாலை வரை இனிப்பு இருக்கிறது.

சீனக் கடைகளில் விற்கும் லோ ஹான் குவோ பழத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பழத்தின் இனிப்பு மொக்ரோசைடு என்ற பொருளிலிருந்து வருவது, அது சொத்தையை உண்டாக்காது. ஆனால் காய்ச்சி விற்கிற தண்ணீரில் கற்கண்டோ சீனியோ சேர்த்திருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஸீரோ என்று போட்ட கேஸ் தண்ணியில் சீனியே இல்லையே. மகன் அதைத்தான் குடிக்கிறான்.

சீனி இல்லை, சரி. அமிலம் இருக்கிறதே! கோலா வகையில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை, ஆரஞ்சு வகையில் சிட்ரிக் அமிலம். இவற்றின் பிஎச் பெரும்பாலும் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்கும். இங்கே அமிலம் செய்யக் கிருமியே தேவையில்லை, பானமே நேராக எனாமலைக் கரைக்கும். பல் அரிப்பு என்பது இதுதான். சொத்தைபோல ஓரிடத்தில் ஓட்டை விழாது. பல் முழுக்க மெலிந்து, முன்பல் ஓரம் கண்ணாடிபோலத் தெரியும், உள்ளே இருக்கும் மஞ்சள் நிறம் வெளியே வரும், ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். பந்து விளையாடும் பையன்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து வாய் வறண்டிருக்கும், எச்சில் குறைவாக இருக்கும், அந்த நேரத்தில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக உறிஞ்சுவார்கள்.

விளையாடும்போது வெறும் தண்ணீர் போதும். கேஸ் தண்ணி குடிக்கத்தான் வேண்டுமென்றால் சாப்பாட்டோடு, உறிஞ்சு குழாயில், வாய்க்குள் வைத்துக் கொப்பளிக்காமல் குடிக்கட்டும். குடித்ததும் தண்ணீரில் வாயைக் கழுவட்டும். உடனே பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். அரை மணி நேரமாவது கழியட்டும். புளிப்பு மிட்டாய், ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) போட்ட எலுமிச்சைத் தண்ணீர், சீனியில்லாத எலுமிச்சை மிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

டப்பாவில் எதைப் படித்துப் பார்ப்பது?

'தன்பா கூலா' என்று இருந்தால் சீனி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 'தன்பா கூலா தம்பாஹான்' என்றால் கூடுதலாகச் சீனி சேர்க்கவில்லை என்பது மட்டுமே. பாலிலும் பழச்சாற்றிலும் மால்ட்டிலும் இயல்பாக உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்குக் கலக்கும் மால்ட் தூள் டப்பாக்களில் இதைக் கவனியுங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள்.

சில நாடுகளிலிருந்து வரும் மிட்டாய்களில் குடை பிடித்துச் சிரிக்கும் ஒரு பல் படம் இருக்கும். தின்ற பிறகு அரை மணி நேரத்துக்குப் பல் மேல் பிஎச் 5.7-க்குக் கீழே போகவில்லை என்று சோதித்துத் தரும் முத்திரை அது. நம்பி வாங்கலாம்.

சீனி வரி போட்டார்களே, அதனால் பானங்கள் பல்லுக்கு நல்லதாகிவிட்டனவா?

2019 ஜூலை 1-இல் மலேசியாவில் இந்த வரி வந்தது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கி, 2024-இல் 50 சென்னாகி, 2025-இல் 90 சென்னாகிவிட்டது. வரியிலிருந்து தப்ப நிறுவனங்கள் சீனியைக் குறைத்து மாற்று இனிப்பைக் கலக்கின்றன. நல்ல மாற்றம்தான், வரவேற்கிறேன். ஆனால் வரிக்குக் கீழே இருக்கும் பானத்திலும் 325 மில்லி டின்னுக்கு 16 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அது நாலு கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னபடி, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் உடம்புக்கு நல்லது. ஒரே டின்னில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

எனக்கு இனிப்பு நீர். பல்லுக்கு நான் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

மாற்று இனிப்பு உங்களுக்கு இரத்தச் சர்க்கரைக்கும் பல்லுக்கும் என்று இரண்டு வகையில் உதவி. ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றை ஒன்று கெடுக்கும். துலக்கும்போது ரத்தம் வந்தால், பல் ஆடினால், "வயசாகிடுச்சு" என்று விடாதீர்கள். எந்த இனிப்பு மாத்திரையும் ஈறை ஆற்றாது.

அடுத்தது வாய் வறட்சி. சர்க்கரை ஏறினாலும் வறளும், இரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மருந்துகளாலும் வறளும். எச்சில் குறைந்தால் கொஞ்சச் சீனியும் பெரிய சேதம் செய்யும். வாய் காய்கிறது என்று மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளும் தாத்தாக்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஈறோரம், பல்லின் வேர்ப் பகுதியிலேயே சொத்தை வரிசையாக விழும். இவர்களுக்குத்தான் சீனியில்லாத மிட்டாயும் கம்மும் மிகவும் பயன்படும். கூடவே அடிக்கடி தண்ணீர்.

மூன்றாவது, பல்லைவிட உயிருக்கு முக்கியம். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போய், வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் மாற்று இனிப்போ ஸீரோ பானமோ உதவாது. உண்மையான சீனித் தண்ணீர்தான் வேண்டும். ஒரு சீனி மிட்டாயாவது சட்டைப் பையில் இருக்கட்டும். அப்போது பல்லைப் பற்றி யோசிக்காதீர்கள்.

குழந்தைக்குப் பால் போத்தலில் சீனிக்குப் பதில் ஸ்டீவியா போடலாமா?

எதுவுமே போட வேண்டாம். பாலுக்கு இனிப்பு வேண்டும் என்று குழந்தை கேட்கவில்லை, நாம்தான் பழக்குகிறோம். மாற்று இனிப்பானாலும் இனிப்புக்கே நாக்கு பழகிவிடும்.

போத்தலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கவிடுவதுதான் பெரிய ஆபத்து. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு, பால் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி, அடியோடு உதிர்ந்து போன மூன்று வயதுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாமார்கள் வரும்போது எனக்கு மனசு கேட்காது. டின் பால் கரைத்துக் கொடுத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டின் பால் குழந்தை உணவே அல்ல. முதல் பல் முளைத்ததிலிருந்து ஃபுளோரைடு பற்பசை, மூன்று வயது வரை அரிசியளவு, அதற்குமேல் பட்டாணியளவு.

அம்மாவின் வாயிலிருந்து கிருமி பிள்ளைக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஃபின்லாந்தில், இலிவியெஸ்கா என்ற ஊரில் அம்மாக்களைச் சைலிட்டோல் கம் மெல்லச் சொன்னார்கள். ஐந்து வயதில் அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொத்தை வெகுவாகக் குறைந்திருந்தது. நம் வீட்டில் செய்யக்கூடியது, ஊதிக் கடித்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுவதும் அம்மாவின் சொத்தையை முதலில் அடைப்பதும்.

இருமல் மருந்திலும் சீனியா?

பல சிரப்களில் உண்டு. மருந்து கொடுப்பவரிடம் சீனியில்லாதது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மருந்தை நிறுத்தாதீர்கள். கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

அஸ்பார்ட்டேம் புற்றுநோய் தரும், எரித்ரிட்டோல் மாரடைப்பு தரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

கொஞ்சம் உண்மையும் நிறையப் பயமும் கலந்த செய்திகள் இவை.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்ட்டேமை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. சான்று குறைவாக உள்ள பொருட்களுக்கான பிரிவு அது. அதே நேரத்தில் உணவில் சேர்க்கும் பொருட்களைப் பார்க்கும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, நாளொன்றுக்கு ஒன்பது டின் டயட் பானத்துக்கு மேல் குடிக்க வேண்டும். பினைல்கெட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமைத் தொடவே கூடாது.

2023-இல் எரித்ரிட்டோலைப் பற்றியும் 2024-இல் சைலிட்டோலைப் பற்றியும் அமெரிக்க ஆய்வுகள் வந்தன. இரத்தத்தில் இவை கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக இருந்தன. அதற்கு இந்த இனிப்புகள்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. நம் உடம்பே இவற்றைச் சிறிதளவு தயாரிக்கிறது. என் அபிப்பிராயத்தில், கம்மில் இருக்கும் ஒரு கிராமுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கேக்கிலும் பானத்திலும் முப்பது, நாற்பது கிராம் என்று தினமும் அள்ளிப் போட வேண்டாம், இதய நோய் உள்ளவர்கள் குறிப்பாக. அந்த அளவுக்குப் போனால் வயிறும் இளகும்.

எடை குறைப்பதற்காக மாற்று இனிப்பை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் நிஜம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கான அறிவுரை அல்ல அது. சீனி ஆல்கஹால்களும் அந்த அறிவுரையில் அடங்கா.

தீபாவளிப் பலகாரத்தை மாற்று இனிப்பில் செய்யலாமா?

நெய் உருண்டைக்கு எரித்ரிட்டோல் தூள் சேரும், வாயில் லேசாகக் குளுமை தட்டும். அதிரசம் வராது, பாகு வேண்டுமே. அஸ்பார்ட்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். ஆனால் பல்லுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பேன். பலகாரத்தைச் சாப்பாட்டோடு தின்றுவிட்டு, நாள் முழுக்கத் தட்டை மேசையில் வைத்துக் கொறிக்காமல் இருந்தாலே போதும். முறுக்கில் சீனி இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள், பல்லிடுக்கில் மாவு அடைந்தால் அதுவும் அமிலமாகும்.

வீட்டில் நாய் இருக்கிறது. ஏதாவது கவனிக்கணுமா?

கட்டாயம். சைலிட்டோல் மனிதருக்கு விஷமில்லாவிட்டாலும் நாய்க்கு விஷம். சில கம் துண்டுகளே அதன் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். கம் டப்பாவை உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

ஏற்கெனவே விழுந்த சொத்தை, சீனியை விட்டால் மூடிக்கொள்ளுமா?

எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல்லின் ஈறோரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல மங்கலான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். ஓட்டை இன்னும் விழவில்லை. இடைவேளை இனிப்பை நிறுத்தி, ஃபுளோரைடு பற்பசையில் காலையும் இரவும் துலக்கினால் அது இறுகிவிடலாம். துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசித் தள்ளாதீர்கள், பசை கொஞ்ச நேரம் பல்லில் நிற்கட்டும். மலேசியாவில் 1972 முதல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது அரசாங்கக் கொள்கை. ஆனால் தோட்டத்தில் ஆற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ குடித்து வளர்ந்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது. அவர்கள் பற்பசையில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நாக்கு நுனியில் குழி தட்டுப்பட்டால், சாப்பாடு போய் அடைந்தால், அது தானாக மூடாது. கிராம்பை வைத்துக் கட்டிக்கொண்டு மாதக் கணக்கில் ஓட்டாதீர்கள். சின்னக் குழியாக இருக்கும்போது அடைத்துவிடலாம். வலி வந்து இரவில் தூக்கம் கெட்ட பிறகு வந்தால், பெரும்பாலும் வேருக்கு வைத்தியம் அல்லது பிடுங்குவதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து விடும் பரிசோதனைக் கடிதத்தைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாமல், பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு மறுநாளே அனுப்புங்கள். அது வந்தால்தான் நான் அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க முடியும்.